நேர்காணலுக்குப் போகும் தமிழ்வழி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து வெளியே வரும் உங்களிடம் எப்படிப் போச்சு என்று கேட்டால், "பதில் எல்லாம் தெரிஞ்சுது மேடம், இங்கிலீஷ்தான் வரல" என்கிறீர்கள். கல்லூரி இறுதி ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வகுப்புகள் மாறினாலும் இந்தப் பதில் மாறுவதில்லை. அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் தெரிகிற குற்றவுணர்ச்சிதான் இந்த மடலை எழுத வைத்தது. ஆங்கிலத்தில் தவறு செய்வது அறிவுக் குறைவின் அடையாளம் என்று யாரோ உங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். உங்கள் தவறுகளை நான் நெடுங்காலமாகக் குறித்துவைத்து வருகிறேன். அவற்றில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அது தமிழின் ஒழுங்கு. அதைத் தெரிந்துகொண்டால் எதைத் திருத்த வேண்டும், எப்படித் திருத்த வேண்டும், எதை அப்படியே விட்டுவிடலாம் என்பது உங்களுக்கே விளங்கும்.

தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'பாம்பு' என்று சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே எழுத்தைத்தான் எழுதுகிறோம். முதல் இடத்தில் உதடு திறக்கிறது, தொண்டை அதிர்வதில்லை. இரண்டாம் இடத்தில் அதிர்கிறது. தந்தம், குங்குமம் என்று சொல்லிப் பாருங்கள், அங்கேயும் இதேதான். மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தமிழில் தானாகவே அதிர்ந்து ஒலிக்கும். இதை எந்த ஆசிரியரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. எழுதப் படிக்கும் முன்பே வாய் கற்றுக்கொண்ட பாடம் இது. அந்த வாய்தான் ஆங்கிலமும் பேசுகிறது. அதனால் எளிமையைக் குறிக்கும் 'சிம்பிள்' என்ற சொல்லும் சின்னத்தைக் குறிக்கும் 'சிம்பல்' என்ற சொல்லும் நம் பேச்சில் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. கணுக்காலுக்கும் கோணத்துக்கும் ஒரே 'ஆங்கிள்' போதுமென்று ஆகிவிடுகிறது.

இதில் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அனுப்புகிறேன், அனுப்பினேன் என்ற இரண்டுக்கும் ஆங்கிலத்தில் உள்ள வேறுபாடு கடைசி மெய் அதிர்கிறதா, அதிரவில்லையா என்பதில்தான் இருக்கிறது. "ஐ சென்ட் தி மெயில்" என்று நீங்கள் சொல்லும்போது அந்த மெய் அதிர்ந்துவிட்டால் இறந்தகாலம் காணாமல் போகிறது. எதிரில் இருப்பவர் உங்களுக்கு இலக்கணம் தெரியவில்லை என்று முடிவு கட்டுகிறார். உங்களுக்குத் தெரிந்த இலக்கணம் தொண்டையில் தொலைந்துபோன கதை அவருக்குத் தெரியாது. இதைத் திருத்துவது கடினமில்லை. விரலைத் தொண்டையில் வைத்து, ன்-வரை அதிரவிட்டு, அடுத்த மெய்யில் அதிர்வை நிறுத்திப் பழகுங்கள். கணுக்காலையும் கோணத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். சில நாளில் வாய் பழகிவிடும்.

அடுத்தது பஸ்ஸு, கப்பு, லேட்டு, பேங்க்கு. தமிழ்ச் சொற்கள் எந்தெந்த எழுத்தில் முடியலாம் என்று நன்னூல் ஒரு பட்டியல் தருகிறது. மொத்தம் 24. அந்தப் பட்டியலில் வல்லின மெய் ஆறில் ஒன்றுகூட இல்லை. வல்லினத்தில் முடிய வேண்டிய இடத்தில் தமிழ் ஒரு குற்றியலுகரத்தைத் துணைக்கு வைக்கிறது. நாக்கு, பாட்டு, காசு, உப்பு என்ற சொற்கள் எல்லாம் அப்படி வந்தவை. அந்த இலக்கணப்படி பார்த்தால் 'பஸ்ஸு' முறையாகத் தமிழான சொல். உங்கள் ஊரில் அப்படிச் சொல்வதை யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆங்கில வாக்கியத்துக்குள் ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் உகரம் ஒட்டிக்கொண்டால் சொல்லின் அசைகள் கூடிவிடுகின்றன. கேட்பவர் ஒரு அசைச் சொல்லுக்குக் காத்திருக்கிறார், நீங்கள் இரண்டு அசை தருகிறீர்கள். இது நான்கைந்து சொற்களுக்குத் தொடர்ந்தால் அவர் வாக்கியத்தைத் தவறவிடுகிறார். 'கப்' என்று சொல்லி உதட்டை மூடியபடியே நிறுத்துங்கள். திறக்கவே வேண்டாம். 'லேட்' என்று சொல்லி நாக்கை மேலண்ணத்திலேயே வையுங்கள். உகரம் வராது.

இறந்தகால ஈற்றிலும் இதே சிக்கல்தான். 'வர்க்குடு', 'ஆஸ்க்குடு', 'வாஷ்டு' என்கிறோம். எழுத்தில் எல்லாச் சொல்லிலும் ஒரே ஈறு இருந்தாலும் ஒலியில் அது மூன்று விதம். அதிராத ஒலியை அடுத்து வந்தால் அதிராத ட்-ஆக முடியும்: வர்க்ட், வாஷ்ட். அதிரும் ஒலியை அடுத்து வந்தால் அதுவும் அதிரும்: 'கால்ட்' போன்ற சொற்களில் ல்-லின் அதிர்வு கடைசிவரை தொடரும். சொல்லே ட-வகை ஒலியில் முடிந்தால் மட்டும் தனி அசை உண்டு: வான்டெட், நீடெட். இந்த மூன்றாம் விதத்துக்கு வெளியே எங்கும் கூடுதல் அசை கிடையாது.

சில ஒலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் நாம் லேசாக யகரத்தையும், ஒகரத்துக்கு முன் வகரத்தையும் சேர்த்துச் சொல்வோம். எம்.எல்.ஏ. என்பது யெம்.யெல்.யே ஆவதும், 'ஓபன்' என்பது 'வோப்பன்' ஆவதும் அப்படித்தான். காதைக் குறிக்கும் சொல்லும் ஆண்டைக் குறிக்கும் சொல்லும் கலந்துபோவதற்கும் இந்த யகரமே காரணம். குடிக்கிற காப்பியும் நகலெடுக்கிற காப்பியும் ஒன்றாவது ஃப, ப வேறுபாடு விட்டுப்போவதால். கீழுதட்டை மேற்பல்லில் தொட்டுச் சொன்னால் ஃப வந்துவிடும். விலையையும் பரிசையும் குறிக்கும் சொற்கள் இரண்டும் நம் வாயில் 'பிரைஸ்' ஆகின்றன. பரிசின் கடைசியில் வருவது இசட். அதைச் சொல்லும்போது தொண்டை தேனீயின் ரீங்காரம்போல் அதிர வேண்டும். அப்புறம் தொப்பியும் இடைவெளியும் ஒரே 'கேப்' ஆகும் சிக்கல். இங்கே தொடக்க மெய் ஒன்று, நடு உயிர் இன்னொன்று என்று இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அந்த உயிர் தமிழில் இல்லை. ஏ சொல்லத் தொடங்கி, தாடையை ஆ அளவுக்கு இறக்கினால் அது கிடைக்கும்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பலத்தையும் சொல்லிவிடுகிறேன். கப்பலையும் செம்மறி ஆட்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்துச் சொல்ல உலகில் எத்தனையோ மொழிக்காரர்கள் திணறுகிறார்கள். குறில் நெடில் பேதத்தோடு வளர்ந்த உங்களுக்கு அது சிரமமே இல்லை. அமெரிக்கர்கள் பலர் ரகரம் சொல்லும்போது நாக்கு வளையும் விதம் நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ழ சொல்லத் தெரிந்தவருக்கு அமெரிக்க ஒலி எட்டாதது இல்லை.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானதற்கு வருகிறேன். அசையழுத்தம். இதைச் சொல்லித் தராமல் மற்றதை எல்லாம் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை என்பது என் உறுதியான கருத்து. தமிழில் ஒரு சொல்லின் அசைகளை ஏறத்தாழ ஒரே அழுத்தத்தோடு சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை தூக்கிச் சொல்லப்படும், மற்றவை சுருங்கிப்போகும். ஹைதராபாதில் இருந்த மத்திய ஆங்கில நிறுவனத்தின் பேராசிரியர் ஆர்.கே. பன்சல், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து 1969-இல் ஒரு நூல் வெளியிட்டார். புரியாமல் போவதற்கு அவர் கண்ட முக்கியக் காரணங்களில் ஒன்று, சொல்லில் அழுத்தம் தவறான அசையில் விழுவது.

'டெவலப்' என்ற சொல்லை முதல் அசையில் அழுத்துகிறோம். அழுத்தம் இரண்டாம் அசைக்கு உரியது: டிவெலப். 'ஹோட்டல்' என்பதில் கடைசி அசை: ஹொட்டெல். 'ஃபோட்டோ'வில் முதல் அசை அழுத்தம் பெறும். படம் எடுப்பவரைச் சொல்லும்போது அது இரண்டாம் அசைக்கு நகர்ந்து 'ஃபட்டாக்ரஃபர்' ஆகிவிடும். முதல் அசையில் இருந்த ஓகாரம் அடையாளமே தெரியாமல் சுருங்கிவிட்டது பாருங்கள். இந்தச் சுருக்கத்தை எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். 'நாடு' என்று சொல்லுங்கள். கடைசி உகரத்தை முழுதாகச் சொல்கிறீர்களா? இல்லை. அதற்கு அரை மாத்திரைதான். உதடுகூடக் குவிவதில்லை. அழுத்தம் இல்லாத ஆங்கில உயிர்கள் பலவும் அந்தக் குற்றியலுகரம்போல் குறுகி ஒலிப்பவை. சொல்லின் கடைசியில் தேவையில்லாத இடத்தில் வைத்த அதே குறுக்கத்தைச் சொல்லின் நடுவே கொண்டுவர வேண்டும். 'கம்ஃபர்டேபிள்' அப்படித்தான் 'கம்ஃப்டபிள்' ஆகிறது, 'வெஜிடேபிள்' அப்படித்தான் 'வெஜ்டபிள்' ஆகிறது. வகுப்பில் குற்றியலுகரத்தைச் சொல்லி இதை விளக்கும்போது தமிழ்வழியில் படித்தவர்கள்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள்.

எந்த அசையில் அழுத்தம் என்று எப்படித் தெரியும்? சில குறிப்புகள் நன்றாகவே உதவும். 'ஷன்' என்று முடியும் சொற்களில் அதற்கு முந்தைய அசை: எஜுகேஷனில் கே, இன்ஃபர்மேஷனில் மே. 'இக்' என்று முடிந்தாலும் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசை: எகனாமிக்கில் னா. 'இட்டி' என்று முடிந்தாலும் அப்படியே: யுனிவர்சிட்டியில் வர், எபிலிட்டியில் பி. பதிவைக் குறிக்கும் 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லாக இருந்தால் முதல் அசையிலும், வினையாக இருந்தால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறும். மற்றதற்கெல்லாம் கைப்பேசியிலேயே ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் அகராதிகள் இருக்கின்றன. ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல்லிக் காட்டும். ஒலிக்குறிப்பில் ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். அதற்கு அடுத்து வரும் அசைதான் அழுத்தம் பெறுவது. புதுச் சொல்லின் பொருளைப் பார்க்கும்போது அந்தக் கோட்டையும் பாருங்கள்.

எழுத்தைப் பார்த்து உச்சரிப்பதுதான் உங்கள் தவறுகளில் இன்னொரு பெரிய கூட்டம். தமிழைப் படிப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தைப் படிக்கிறீர்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். பிரிட்டிஷ் உச்சரிப்பை வைத்துப் பார்த்தால் ஒலிகள் 44 என்று கணக்கிடுவது வழக்கம். இதில் உங்கள் குற்றம் ஏதுமில்லை, அந்த மொழியின் வரலாறு அப்படி. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்து நின்றது. ஆனால் மக்களின் வாய் நிற்கவில்லை. அதன் பிறகும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. கத்தி, முழங்கால், போர்வீரர் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களின் தொடக்கத்தில் எழுதப்படும் கே ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தது. ஒலி போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது.

சில எழுத்துகள் ஒருபோதும் ஒலித்ததே இல்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி கிடையாது. அதன் லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பின்னாளில் சேர்த்தார்கள். ரசீதைக் குறிக்கும் 'ரிசீட்' சொல்லில் பி என்ற பதினாறாம் எழுத்து நுழைந்ததும் லத்தீன் மோகத்தால்தான். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' சொல்லின் எஸ் இன்னும் மோசம். அந்தச் சொல்லுக்கும் லத்தீனுக்கும் தொடர்பே இல்லை, இருப்பதாக நினைத்துச் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் செய்த பிழையை நீங்கள் எழுத்துப் பிசகாமல் உச்சரித்தால் சிரிப்பு உங்கள் மேல் விழுகிறது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

ஆகவே அடிக்கடி புழங்கும் சொற்களைக் காதால் கற்றுக்கொள்ளுங்கள். குழாய் ரிப்பேர் செய்பவர் 'பிளம்மர்'. புதன்கிழமை 'வென்ஸ்டே'. உயரம் 'ஹைட்'. பெண்கள் என்று பன்மையில் சொல்லும்போது 'விமின்'. தீர்மானிப்பது 'டிடர்மின்', சோதிப்பது 'எக்ஸாமின்', இரண்டிலும் 'மைன்' இல்லை. எதிர்ப்பக்கம் 'ஆப்பஸிட்', பிடித்தமானது 'ஃபேவ்ரிட்', இரண்டிலும் 'ஐட்' இல்லை. உச்சரிப்பைக் குறிக்கும் சொல்லே 'ப்ரனன்சியேஷன்'தான். வினைச்சொல்லில் இருக்கும் 'நவுன்ஸ்' அதில் கிடையாது.

வாக்கியத் தவறுகளுக்கு வருவோம். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசாதே என்று உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நீங்கள் அதிகம் செய்யும் தவறுகள் சிலவற்றில் தமிழைக் கேட்டிருந்தால் அதுவே காப்பாற்றியிருக்கும். 'ஐ டிடின்ட் வென்ட்' என்கிறீர்கள். தமிழில் போகவில்லை என்கிறோம், 'போனவில்லை' என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. 'போக' என்ற வடிவம் காலம் காட்டாமல் நிற்கிறது. ஆங்கிலத்திலும் அதேதான்: காலத்தை 'டிட்' சுமந்துவிட்டது, ஆகவே 'டிடின்ட் கோ'. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்கிறீர்கள். என் நண்பர்களில் ஒருவர் என்னும்போது 'கள்' இல்லாமல் சொல்வீர்களா? ஆங்கிலத்திலும் அங்கே பன்மை வேண்டும். 'மைசெல்ஃப்' என்று தொடங்கிப் பெயர் சொல்கிறீர்கள். தமிழில் 'நான்' என்றுதானே தொடங்குவோம்? 'ஐ ஆம்' என்றோ 'மை நேம் இஸ்' என்றோ தொடங்குங்கள்.

தமிழ் இழுத்துவிடும் இடங்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஒன்றைப் பற்றி விவாதித்தோம் என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ் அபவுட்' வருகிறது. அங்கே 'அபவுட்' வேண்டாம். ஆங்கிலத்தில் அந்த வினை செயப்படுபொருளை நேராக எடுத்துக்கொள்ளும். திரும்பி வந்தேன் என்பதிலிருந்து 'ரிட்டர்ன் பேக்' வருகிறது, 'ரிட்டர்ன்' மட்டும் போதும். 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்பது 'ஐ ஹேவ்' ஆக வேண்டும், உறவும் உடைமையும் நடந்துகொண்டிருக்கும் செயல்கள் இல்லையே. இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன் என்பதற்கு 'சின்ஸ் டூ இயர்ஸ்' வராது, 'ஃபார் டூ இயர்ஸ்' என்று சொல்ல வேண்டும். தொடங்கிய புள்ளியைச் சொன்னால்தான் 'சின்ஸ்'.

விட்டுவிட வேண்டியவை என்றேன் அல்லவா? முதலில் 'திங்க்', 'தேங்க்ஸ்' போன்ற சொற்களின் தொடக்க ஒலி. நாக்கைப் பல்லிடுக்கில் நீட்டிச் சொல்லச் சொல்லி உங்களை வதைத்திருப்பார்கள். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எது புரிதலைக் கெடுக்கிறது என்று ஆராய்ந்து 2000-இல் ஒரு நூல் எழுதினார். அந்த ஒலியை எப்படிச் சொன்னாலும் புரிந்துவிடுகிறது என்பது அவருடைய முடிவுகளில் ஒன்று. நம் தகரமே போதும். 'டாக்டர்', 'காலேஜ்' என்று ஆகாரத்தில் சொல்வதும் பெரிய குறை இல்லை. அமெரிக்கர்களில் பலரும் அந்த உயிரை ஆவுக்கு அருகில்தான் சொல்கிறார்கள். 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலேயே இருக்கிறது. இந்தியாவுக்குள் தாராளமாகச் சொல்லுங்கள். அமெரிக்கர்போல் மூக்கால் பேச முயல்வது மட்டும் வேண்டாம். அது உங்கள் கவனத்தை முழுதாக விழுங்கிவிடும், சொல்ல வந்த விஷயம் பின்னால் போய்விடும்.

உங்களைத் தடுத்து நிறுத்தும் இன்னொன்றைப் பற்றி நீங்கள் என்னிடம் பேசுவதில்லை, நானே பார்க்கிறேன். வகுப்பில் ஒருவர் எழுந்து தப்பாகப் பேசினால் சிரிக்கிறீர்கள். சரியாகப் பேசினால் 'பீட்டர் விடுறான்' என்று சிரிக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் பேச இடமே இல்லாமல் போகிறது. ஹாஸ்டல் அறையில் நான்கு பேர் சேர்ந்து பேசிப் பழக முடியாததற்கு வசதிக் குறைவு காரணமில்லை, இந்தச் சொல்தான் காரணம். வீட்டில் ஆங்கிலம் பேசிக் கேட்காத பிள்ளைக்குப் பழகக் கிடைக்கும் ஒரே களம் நண்பர் கூட்டம். அதையும் கேலியால் மூடிவிட்டால் அவன் எங்கே போவான்? உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தச் சொல்லை உங்கள் வகுப்போடு நிறுத்திவிடுங்கள்.

பழகும் முறையையும் சொல்லிவிடுகிறேன். தன்னறிமுகத்தை மனப்பாடம் செய்து ஒரே மூச்சில் ஒப்பிக்காதீர்கள். வேகம் கூடும்போது உகரங்கள் எல்லாம் திரும்பி வந்துவிடும், அழுத்தங்கள் எல்லாம் தட்டையாகிவிடும். கைப்பேசியில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்து, மறுநாள் கேளுங்கள். ஒரு வாரம் ஒரு தவறை மட்டும் தேடுங்கள். முதல் வாரம் கடைசி உகரம், அடுத்த வாரம் ஒரு பத்துச் சொற்களின் அழுத்தம். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் பழகுங்கள்: உதட்டுக்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பேப்பர், பார்க் என்று சொல்லுங்கள். ஆங்கிலேயர் சொன்னால் காகிதம் அசையும், நாம் சொன்னால் அசையாது. அந்தக் காற்று இல்லாவிட்டால் சொல்லின் தொடக்கத்து ஒலி அவர்கள் காதில் அதிரும் ஒலியாக விழும்.

நேர்காணலில் கேள்வி புரியவில்லை என்றால் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். "ஸாரி, குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பவரை எந்தத் தேர்வாளரும் குறைவாக நினைப்பதில்லை. நீங்கள் சொன்னது அவருக்குப் புரியவில்லை என்றால் அதே சொல்லை இன்னும் உரக்கச் சொல்லாதீர்கள். அழுத்தம் தவறியிருந்தால் உரக்கச் சொன்னாலும் புரியாது. வேறு சொல்லால் சொல்லுங்கள், அல்லது சின்ன வாக்கியமாக உடைத்துச் சொல்லுங்கள். துறைச்சொல் சிக்கினால் தாளில் எழுதிக் காட்டுங்கள். காகிதமும் பேனாவும் கையில் எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆங்கில ஆசிரியைகளில் ஒருத்தி